பத்துப் புட்டி, பதினொரு புள்ளி

முதலில் நிறத்தைச் சொல்லிவிடுகிறேன்.
வெள்ளை ஒயின் என்று பெயர், வெள்ளை இல்லை.
வெந்தயம் ஊறிய தண்ணீரை
விளக்குக்கு முன்னால் பிடித்தால் எப்படியோ
அப்படி.

பள்ளத்தூருக்குத் தெற்கே மூன்று ஏக்கர்.
கடப்பாரை போட்டால் கோயில் மணி மாதிரிச் சத்தம் வரும்
செம்புறாங்கல் தரை.
மண்ணைப் பற்றித் தேனப்பனுக்கு
ஒன்றும் தெரியாது. மின்சாரம் படித்தவன்.
தெரியாது என்பது தெரிந்ததால்
உழவே வேண்டாம் என்றான்.

தக்கைப்பூண்டு விதைத்தோம், கொள்ளு விதைத்தோம்,
பூக்கிற நேரம் மடக்கிப் படுக்கவைத்தோம்.
பனையோலை, வைக்கோல், அறுத்த புல்,
கல்யாண மண்டபத்து எச்சில் இலை.
"இதுக்கா ஆச்சி வண்டி அனுப்புறீங்க?"
மண்டபத்துக்காரர் மூன்றாம் முகூர்த்தத்தில்
இலைக்கு விலை சொன்னார்.

கவாத்து முடிந்து
பந்தலில் கொடி மொட்டையாக நின்ற நாட்களில்
எழுநூறு செம்மறியோடு சாத்தையா வந்தார்.
மூன்று இரவு கிடை.
இரவெல்லாம் இருமல், குட்டியின் கத்தல், நாயின் பதில்.
விடிந்தால் தோட்டம் முழுக்க
மிளகு மூட்டை அவிழ்ந்த மாதிரிப் புழுக்கை.

ஐந்தாம் வருஷம் ஒரு நாள்
மண்ணுக்குள் விட்ட கை மணிக்கட்டு வரை போனது.
அன்று அவன் கை கழுவாமல் சாப்பிட உட்கார்ந்தான்.
நான் திட்டவில்லை.

அனுமதித் தாளுக்குப் பதினான்கு மாதம்.
"ரசமா, சாராயமா, என்னன்னு எழுதுறது?"
கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார் எழுத்தர்.
எந்தக் கட்டத்திலும் அடங்கவில்லை அது.

பச்சைத் திராட்சையில் மயிலுக்குப் பாதி,
கொண்டைக்குருவிக்குக் கால்.
மிச்சத்தைப் பிழிந்து பீங்கான் ஜாடிகளில் வைத்தோம்.
ஏழு வெயிலில் காயவைத்தும்
ஒரு ஜாடிக்கு மட்டும் மாவடு மறக்கவில்லை.
அதைக் கொட்டினோம்.
சித்திரை.
ஈரச் சாக்கைச் சுற்றிச் சுற்றிக் கட்டினோம்,
இரண்டு மணிக்கு அவன், நான்கு மணிக்கு நான்.
இருட்டில் காதை வைத்தால்
உள்ளே யாரோ மெல்லமாக
அரிசி களைவது போல் ஒரு சத்தம்.
எழுந்த வேலை முடிந்தும்
திரும்பிப் போகாமல் கேட்டுக்கொண்டிருப்பேன்.

தேறியது பத்துப் புட்டி.

நிலம் இன்னும் பிரியவில்லை. பதினொரு புள்ளி.
ஆவணியில் எல்லாரும் கூடினார்கள்,
சூரியத் தகடு கம்பெனிக்காரன் தந்த தாளோடு.
பத்துக் கையெழுத்துக்குக் கோடு போட்டிருந்தது,
பதினோராவது நாங்கள்.
பத்துப் புள்ளிக்கும் புட்டி கொடுத்தேன்.
எங்களுக்கு இல்லை.
கணக்கு சரிதானே என்றான் தேனப்பன், சிரிக்காமல்.

பினாங்கிலிருந்து வந்த வயிரவன் அண்ணன்
கிண்ணத்தைச் சுழற்றினார், மோந்தார்,
ஏதோ பெரிதாகச் சொல்ல வாயெடுத்து
"கொய்யா இலையைக் கடிச்ச மாதிரி இருக்கு" என்றார்.
மீனாள் முகம் சுளித்தாள், பிறகு
இன்னும் கொஞ்சம் கேட்டாள்.
குடிக்காத விசாலம் தன் பங்கை
வாசம் பார்த்துவிட்டு மூடி வைத்துக்கொண்டாள்,
மருமகளுக்காம்.
"ஏக்கருக்கு என்ன வருது?"
இதைக் கேட்டவர் சோலையண்ணன்.
சொன்னேன்.
கொஞ்ச நேரம் மின்விசிறி மட்டும் பேசியது.

தாள் மேசையில்தான் இருந்தது.
புட்டியை யாரோ அதன்மேல் வைத்திருக்கிறார்கள்.
மூன்றாவது கோட்டின் மேல்
வட்டமாக ஒரு ஈரம்,
மை கொஞ்சம் ஊறி நீலம் பரவியிருந்தது.
வேறு தாள் எடுத்து வரச் சொல்லலாம் என்றார் ஒருவர்.
தை வரட்டும் என்றார் இன்னொருவர்.
வேண்டாம் என்று மட்டும்
யாரும் சொல்லவில்லை.

கார்கள் போன பிறகு
பத்துக் கிண்ணத்திலும் அடியில் தங்கியதை
ஒன்றாகச் சேர்த்தேன். ஒரு வாய் தேறும்.
ஆளுக்குப் பாதி.
புளிப்பு, உப்பு,
சொல்லத் தெரியாத ஒன்று. அதில் ஆட்டுக்கும்
பங்கிருக்கும் போல.

கழுவிக்கொண்டிருக்கும்போது போன்.
சாத்தையா, பரமக்குடிப் பக்கமிருந்து.
"இந்த வருஷம் கிடை உண்டா ஆச்சி?"
உண்டு என்றேன்,
பதினொரு புள்ளியையும் கேட்காமல்.
"எழுநூத்தி நாப்பது ஆயிருச்சு,
பரவாயில்லையா?"