ஆறு முகவரிகள்

லெபோ விக்டோரியா, இரண்டாம் மாடி.
சரக்கு அனுப்பும் கம்பெனி
போன வெள்ளியோடு இரண்டானது.
லாரி, கிடங்கு, வாடிக்கையாளர் பட்டியல்
எல்லாம் வக்கீல் பிரித்துவிட்டார்.
நெட்வொர்க்கைப் பிரிக்க
என்னைக் கூப்பிட்டார்கள்.

புது லைன் இழுக்கக் காசில்லை என்றார் திருவரசு.
நடுவில் சுவர் வைக்க இடமில்லை என்றார்
அவர் அக்கா கிருபாவதி.
எண்ணிலேயே சுவர் வைக்கலாம் என்றேன்.

நாசி கண்டார் ரசீதின் பின்பக்கம்.
மூலையில் மீன் குழம்பின் எண்ணெய் வட்டம்.
கடைசி எண் மட்டும் என் கையில்:
சுழியம் முதல் 255 வரை.
எட்டுக் கட்டம் போட்டேன்.
இடமிருந்து ஒன்றுகளை நிரப்பிக்கொண்டே வரவேண்டும்.
ஒன்றுகள் நிற்கும் இடத்தில் சுவர்.
மிச்சச் சுழியங்களில் குடியிருப்பு.

"மூணாப் பிரிங்க லா.
எனக்கு, அவனுக்கு, பிரிண்டருக்கு."

இது மூன்றாய்ப் பிளக்காது.
பாதி. பாதியில் பாதி. அதிலும் பாதி.

தம்பி பக்கம் ஸ்கேனர், கேமரா,
கிடங்கின் கைக்கருவிகள், தொண்ணூற்றுச் சொச்சம்.
அவருக்கு முன்பாதி.
அக்காவின் கணக்குப் பிரிவில் நாற்பத்தொன்று:
128இலிருந்து 191.

"அவனுக்கு ரெண்டு மடங்கா?"
மெஷினை எண்ணினேன், மேடம்.
"சின்ன வயசுலயும் அவன்
இப்படித்தான் எண்ணிக் காட்டுவான்."
ரசீதைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

கூட்டத் தெரிந்தவர். பேனா கேட்கவில்லை.
"முன்ன 254 பேருக்கு இடம்.
இப்ப 126, 62, 30, 30.
ஆறு குறையுதே, எங்க?"

ஒவ்வொரு துண்டிலும்
முதல் எண் தெருவின் பெயர்,
அதில் யாரும் குடியேற முடியாது.
கடைசி எண்
தெருவில் எல்லோரையும் ஒருசேரக் கூப்பிடும் குரல்,
அதிலும் முடியாது.
ஒரு தெரு நான்கானால்
பெயர் நான்கு, குரல் நான்கு.

"வக்கீல் ஃபீஸ் மாதிரி"
என்றார் திருவரசு, வாசலில் நின்று.
அன்றைக்கு முதல் தடவையாக
அக்கா அவரை நிமிர்ந்து பார்த்தார்.
சிரிக்கவில்லை.

பிரிண்டருக்கு 194.
இரண்டு பக்கமிருந்தும் வழி விட்டேன்.
பழைய மெஷின், யார் அனுப்பினாலும் இருமும்.
224இலிருந்து கடைசித் துண்டை
யாருக்கும் தரவில்லை.
"அது எதுக்கு?"
தெரியாது. வைக்கணும்.

ஜன்னலுக்கு வெளியே
பட்டர்வொர்த் ஃபெரி பாதிக் கடலில்.
தம்பி மேசையிலிருந்து
அக்கா மேசைக்கு ஒரு பிங் அனுப்பினேன்.
நான்கு தடவை போனது.
நான்கு தடவையும் பதில் இல்லை.
இந்த வேலையில் சில நாள்
அதுதான் வேலை முடிந்ததற்கு அடையாளம்.

"போய்ச் சேர்ந்துச்சா?"
இரண்டு அறையிலிருந்தும் கேட்டார்கள்.
இல்லை என்றேன்.
நன்றி சொன்னார்கள், தனித்தனியே.
கூலியும் தனித்தனியே,
முழுத்தொகை, இரண்டு உறையில்.

லிஃப்ட் இல்லாத கட்டிடம்.
பாதிப் படியில் நின்று
ஓர் உறையைத் திருப்பிக் கொடுப்பதா,
கொடுத்தால் யாரிடம் என்று
யோசித்துக்கொண்டிருந்தேன்.

மேலே பிரிண்டர் இருமத் தொடங்கியது.
யார் அனுப்பியது என்று
இங்கிருந்து தெரியவில்லை.