மருந்து

லைசென்ஸில் ஒரே ஒரு கடமான், ஆண்.
ஊட்டி கடையில் சாலமன்
இரண்டு பெட்டிகளை முன்னே தள்ளினார்.
"இது வேகம். முந்நூறு கஜத்துக்கு
நூல் பிடித்தாற்போல் போகும்."

எனக்கெதற்கு முந்நூறு கஜம்?
அவலாஞ்சிச் சோலையில் பனி இறங்கினால்
நீட்டிய கையில் பாதி விரல் தெரியாது.
மான் நிற்பது முப்பதடியில்,
அதன் மூச்சு என் முகத்தில்.

போன வருஷம் வேகத்தைத்தான் நம்பினேன்.
தோள்பட்டை எலும்பில் பட்டதும்
தோலுக்கடியில் மத்தாப்பாய்ச் சிதறியது,
உயிர்வரை போகவில்லை.
சதுப்பில் இரண்டு நாள் தேடினோம்,
நானும் போஜனும்.
மூன்றாம் நாள் காக்கைகள் காட்டிக்கொடுத்தன.

"கனமானது கொடுங்கள். மெதுவாகப் போவது.
மூக்கில் ஈயம் தெரிய வேண்டும்.
நுழைந்து, விரிந்து,
மறுபக்கம் வெளியே வர வேண்டும்."
சாலமன் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.
"விலை கூட."
"தெரியும்."

ஐந்தை எண்ணி
காகிதத்தில் பொட்டலம் கட்டினார்.

எமரால்டு பஸ்ஸில்
முட்டைக்கோஸ் மூட்டையோடு ஒருத்தி
நான் அடிக்கடி பையைத் தொடுவதைப் பார்த்து
"என்ன, மருந்தா?" என்றாள்.
ஆமாம், அதுவும்தான் உள்ளே இருக்கிறது.
"வலி நீளாமல் இருக்க" என்றேன்.
"யாருக்கு?"

கண்டக்டர் விசில் ஊதினார்.
யாரும் இறங்கவில்லை.