நாலால் வகுத்தால்

ஆராதனை முடிந்து
வாசலில் என் செருப்பைக் காலால் துழாவும்போதே
ரெக்ஸ்லின் சொல்லிவிட்டாள்:
"பிரஞ்ச். இஞ்சிவிளைல புதுக்கடை. வராதவ எங்கிட்ட பேசப்பிடாது."

காலைக்கும் மதியத்துக்கும் நடுவில்
இரண்டையும் சேர்த்து ஒரே வேளையாகத் தின்பதற்கு
அப்படியொரு பேர் என்றாள் ஃப்ரீடா.
மாசக் கடைசியில் எங்கள் வீட்டில் நடப்பதுதான்.
பேர் தெரியாமல் தின்றுகொண்டிருந்தோம்.

ரெண்டு ஸ்கூட்டர், நாலு பேர், நாலு பைபிள்.
அந்தப் பக்கம் விலை கூடுதலென்று
களியக்காவிளையிலேயே பெட்ரோல் போட்டோம்.
செக்போஸ்ட் தாண்டியதும்
கடைப்பலகைகளில் எழுத்து உருண்டுகொண்டது.
வெயில் அதே வெயில்.

முன்பு அது டயருக்கு ரீட்ரெட் போட்ட ஷெட்.
பெயிண்ட் டப்பாவில் செடி, பாட்டிலுக்குள் பல்பு,
சுவரில் நீலமாய் ஒரு திமிங்கலம்.
மழைக்காலத்தில் ரப்பர் வாசம் திரும்பி வருமாயிருக்கும்.
அஸ்ஸாம்காரப் பையன் மலையாளத்தில் கேட்டான்,
விஜிலா தமிழில் சொன்னாள்,
அவன் சரியாகவே எழுதிக்கொண்டான்.

மரச்சீனியை மசித்து
மேலே ஒரு முட்டையை உடைத்துவிட்டு
இருநூற்று இருபது!
"எங்க விளையில பண்ணி தோண்டித் திங்குது பிளே, சும்மா"
என்று சொல்லிக்கொண்டே அதையே வாங்கினாள் விஜிலா.
ஃப்ரீடாவுக்குப் பழம்பொரியும் பீஃபும்.
ரெக்ஸ்லினுக்கு, கட்டம் கட்டமாய் ஒரு அப்பம்,
அதன் தலையில் ஐஸ்கிரீம்.

என் பர்சில் நானூறு.
முந்நூறு நாளைக்குச் சீட்டுப் பணம்.
அட்டையை இடப்பக்கத்திலிருந்து படிக்காமல்
வலப்பக்கத்திலிருந்து படித்தேன்.
தொண்ணூறில் ஒன்று இருந்தது: வெண்ணெய் ரொட்டி.
"காப்பி?"
"வேண்டாம் மக்கா, வயிறு ஒரு மாதிரி."

எங்கள் ஹெட்மாஸ்டர்
குருத்தோலை ஞாயிறன்று மைக் அணைக்க மறந்து
வீட்டுக்காரியிடம் ஃபோனில் மன்னிப்புக் கேட்ட கதையை
ஃப்ரீடா அவர் குரலிலேயே நடித்தாள்.
பக்கத்து மேசைக் குடும்பம் திரும்பிப் பார்த்தது.
விஜிலாவுக்குப் புரையேறி முட்டை மூக்கில் வந்தது.
சிரித்ததில் என் பங்கு ஒன்றும் குறைவில்லை.

பில் வந்தது. ஆயிரத்து முந்நூற்று ஐம்பத்திரண்டு.
ரெக்ஸ்லின் ஃபோனை எடுத்தாள்.
"நாலால வகுத்தா, முந்நூத்தி முப்பத்தெட்டு."

தப்பென்று எப்படிச் சொல்வது?
போன கார்த்திகையில் என் கருப்பையை எடுத்தபோது
மார்த்தாண்டம் ஆஸ்பத்திரியில்
ராத்திரிக்கு ஒருத்தியாய்
இந்த மூணு பேரும்தான் தரையில் படுத்தார்கள்.
மூத்திரப் பையைத் தூக்கிப் பிடித்து
வராந்தாவில் என்னை நடக்கவைத்தவள் ரெக்ஸ்லின்.
அதையெல்லாம் யாரும் எதாலும் வகுக்கவில்லை.

நானூறையும் நீட்டினேன்.
அறுபது தந்தாள்.
"ரெண்டு ரூபா பிறகு தாரேன் கேட்டியா."

வெளியே லாட்டரிக்காரர்,
சட்டைப் பின்னில் குத்திய கத்தையோடு.
மூணு பேரும் ஹெல்மெட்டோடு மல்லுக்கட்டும் நேரம் பார்த்து
ஐம்பதைக் கொடுத்து ஒன்று எடுத்தேன்,
எதற்கென்று தெரியாமல்.
பைபிளுக்குள் வைத்தேன்,
எந்த ஆகமமென்று பார்க்கவில்லை.
விழுந்தால் சொல்லமாட்டேன்.
ஒருத்தியிடமும்.

விஜிலாவின் முதுகுக்குப் பின்னால் திரும்பி வந்தேன்.
அவள் சேலையில் வதக்கின வெங்காயம் மணத்தது.
எழுத்து மறுபடி நிமிர்ந்தபோது
ஒரு கோடியை
நாலால் வகுத்துக்கொண்டிருந்தேன்.
எத்தனை சைபரென்று இடையில் குழம்பி
முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

"என்ன பிளே, பின்னால இருந்து முனகுத?"
என்றாள்.
"செபம்" என்றேன்.