ஏழாவது வாக்கியம்

பஞ்சுக்குள் பஞ்சு இல்லை.
முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்,
உங்களில் பலர் அந்தக் கரடியைக் கட்டிக்கொண்டு தூங்கியவர்கள்.
வயிற்றில் இருந்தது பனியன் வேஸ்ட்.
திருப்பூரில் கட்டிங் மேசைக்கு அடியில்
சாயங்காலம் கூட்டி அள்ளுகிற துண்டுகள்:
கைக்குழி, கழுத்து வளையம்,
பனியனில் எங்கே ஆள் நுழைகிறாரோ
அந்த இடமெல்லாம்.

கண் இரண்டும் சஃபாரிச் சட்டைப் பொத்தான்.
எண்பத்தாறில் சரக்குத் தீர்ந்துபோய்
ஆயிரத்துச் சொச்சம் கரடிகள்
ஒரு கண் பழுப்பும் ஒரு கண் கறுப்புமாய்ப் போயின.
ராசிக் கரடி என்று ஈரோட்டுக் கடைக்காரர்
இரண்டு ரூபாய் கூட்டி விற்றார்.

நான் இழுத்துப் பார்க்கிறவன்.
முதுகுக் கயிற்றை ஒரு சாண் இழுத்து விட்டால்
உள்ளே அப்பள அகலத் தட்டு சுற்றும்.
ஊசி எந்தப் பள்ளத்தில் விழுகிறதோ
அந்த வாக்கியம்.
நாளுக்கு முந்நூறு கரடி.
ஆள்காட்டி விரலில் கயிறு அறுத்த கோட்டுக்கு
ரேகை பார்க்கிறவர் ஒருமுறை
கடல் தாண்டுவேன் என்றார்.

குரல் மெட்ராஸிலிருந்து வருவதாய் இருந்தது.
நாடகக்காரம்மா ஐந்நூறும் முதல்வகுப்பு டிக்கெட்டும் கேட்டார்.
முதலாளி அவிநாசியப்பன் நோட்டை மூடிவிட்டு
செக்கிங் டேபிளைப் பார்த்தார்.
அங்கே துளசிமணி
டியூப்லைட்டுக்கு நேராய்ப் பனியனை விரித்து
ஓட்டை தேடிக்கொண்டிருந்தாள்.
"ஏம்புள்ள, உனக்குப் படிக்க வருமா?"

ஞாயிறு ராத்திரி. மிஷின்கள் நின்றபிறகு.
நான்கு பக்கமும் நூல் மூட்டை அடுக்கிய குடோன்,
எதிரொலிக்காது என்றான் லாரன்ஸ்.
கல்யாணங்களுக்கு மைக்செட் கட்டுகிறவன்,
டேப் அவனுடையது.
நகராட்சிப் பள்ளி வாத்தியார் எழுதித் தந்த ஆறும்
சுத்தத் தமிழ்.
வணக்கம். என் பெயர் பஞ்சு.
எனக்குப் பசிக்கிறது...
ஐந்தாவதில், காதை ஒட்டிக் கேளுங்கள்,
"உறங்கலாமா" முடிகிற இடத்தில்
கொச்சிக்குப் போகிற ரயில் இருக்கும்.

ஆறும் முடித்தாள்.
தாளை நாலாய் மடித்தாள்.
லாரன்ஸைப் பார்த்துக் கேட்டாள்:
"போதுமுங்களா?"

லாரன்ஸ் தலையாட்டினான்.
டேப்பை நிறுத்தவில்லை.
பம்பாயில் தட்டு அச்சடித்தவனுக்குத் தமிழ் தெரியாது.
ஏழு பேச்சு கேட்டது, ஏழு பள்ளம் போட்டான்.
ஐயாயிரம் தட்டு வந்திறங்கிய அன்று
முதலாளி கத்தியது ரயில்வே கேட் வரைக்கும்.
திருப்பி அனுப்பப் பணமில்லை.

அப்புறம் போஸ்ட்கார்டுகள்.
கரூரில் ஒரு பிள்ளை, அது கேட்கும்வரை
சோறு ஊட்டிக்கொண்டே இருக்குமாம்,
வாயெல்லாம் பருக்கை, கழுவினால் தட்டு கெடுமா?
தாராபுரத்தில் ஒரு பையன் அடிவாங்குகையில்
கயிறு எங்கோ மாட்டி இழுபட்டு
கரடி கேட்டுவிட்டதாம்.
அடித்த கை அப்படியே நின்றதாம்.
'ஏழாவது அதிகமாய்ப் பேசுகிற கரடியாய்
இரண்டு டஜன் அனுப்பவும்' என்றார் கோபிக்காரர்.
அப்படியொரு கரடி செய்ய எங்களுக்குத் தெரியாது.

துளசிமணிக்கு நாற்பது ரூபாயும் ஒரு கரடியும்.
கரடி ரிஜெக்ட். ஊமை.
பேசுகிறதெல்லாம் எண்ணிப் பெட்டி கட்டியாயிற்று.
எடுத்துக் கொடுத்தது நான்,
தெரிந்துதான்.
மறுநாளும் வேலைக்கு வந்தாள்.
கரடியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

தொண்ணூறோ தொண்ணூற்றொன்றோ,
பல்லடம் போகிற டவுன்பஸ்.
வீரபாண்டிப் பிரிவில் ஏறினாள்.
நான் கடைசி சீட்டில், கூப்பிடவில்லை.
சில்லறையை உள்ளங்கையில் எண்ணி நீட்டினாள்:
"போதுமுங்களா?"

முன்சீட்டில் ஒரு குழந்தை
சட்டென்று குனிந்து தன் கரடியைப் பார்த்தது.
கயிற்றைப் பார்த்தது.
இழுக்கவே இல்லையே.
"நாலணா குறையுதுங்க" என்றார் கண்டக்டர்.
குழந்தை கரடியைத் தன் பக்கம் திருப்பி
மூக்கோடு மூக்கு வைத்து,
யாருக்கும் கேட்காத மாதிரி,
"இன்னுங் கொஞ்சம்" என்றது.
துளசிமணி
முந்தானை முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.