மின்தடை: இரண்டு மதிப்பெண்

மூன்றாம் இரவு.
கீழ்குந்தா போகிற வழியில் சீகை மரம் சாய்ந்து
கம்பியையும் இழுத்துக்கொண்டு
தேயிலைக்குள் படுத்துவிட்டதாம்.
பால்காரர் சொன்னார். அதற்குமேல் அவருக்கும் தெரியாது.
மஞ்சூரில் ஆடிக்காற்று
என் கூரைத் தகரத்தை ஆணி ஆணியாக
எண்ணிப் பார்க்கிறது.

ஒன்பதாம் வகுப்பு, இடைப்பருவத் தேர்வு,
நாற்பத்தோரு விடைத்தாள்.
டார்ச்சைத் தோளுக்கும் கன்னத்துக்கும் நடுவே இடுக்கித்
திருத்திக்கொண்டிருக்கிறேன்.
உள்ளே மூன்று பேட்டரி,
ஒன்றின் தலையில் மற்றதன் கால்.
ஒன்றரை, ஒன்றரை, ஒன்றரை: நாலரை வோல்ட்.
நேற்று எரிய மறுத்தது. அடி ஸ்பிரிங்கில் துரு.
ஊட்டி சாக்லேட் சுற்றிவந்த வெள்ளித்தாளை
மடித்து வைத்தேன், ஒத்துக்கொண்டது.

ஏழாம் கேள்வி.
மின்தடை என்றால் என்ன? அதன் அலகு யாது?
நாற்பது பேர்
நான் கரும்பலகையில் எழுதியதை எனக்கே திருப்பித் தந்திருந்தார்கள்.
மூவர் மட்டும் ஓம் என்பதைக்
கோபுர உச்சியில் எரிகிற ஓம் போலவே
சுழித்து வரைந்திருந்தார்கள். போகட்டும்.
கடைசித் தாள், பெ. தர்ஷிணி:

"மின்தடை என்பது மரம் விழுந்தால்
அப்பா வீட்டுக்கு வராமல் இருப்பது.
அலகு: நாள்."

சிவப்புப் பேனா
பூஜ்யத்தின் பாதி வளைவுவரை போய் நின்றது.

இதே பெண்தான். போன வாரம்
எந்தக் குழுவின் பல்பும் எரியாதபோது,
பேட்டரியை மாற்றி, பல்பை மாற்றி,
கடைசியில் என்னையே எல்லோரும் சந்தேகமாகப் பார்த்தபோது,
கம்பியின் முனைகளைப் பிளேடால் சுரண்டியவள்.
பழைய மோட்டாரில் உருவிய செம்பு;
மேலே கண்ணுக்குத் தெரியாத வார்னிஷ்.
அந்த மெல்லிய பூச்சு மின்சாரத்துக்குக் கோட்டை மதில்.
சுவிட்சுப் போட்டதும் எலக்ட்ரான் ஓடி வருகிறது என்று
கடைசி பெஞ்ச் சாதித்தது.
"ஓடலை. அட்டையைவிட மெதுவாத்தான் நகருது.
கம்பி முழுக்க ஏற்கெனவே நிக்குதே,
காலையில ஊட்டி பஸ் மாதிரி.
பின்னால ஒருத்தர் ஏறினா
முன்னால ஒருத்தர் பிதுங்கி விழறார்ல?" என்றாள்.
சிரிப்பு அடங்க நேரமானது.
அட்டைக் கணக்கு சரி என்பதை
நான் அன்று மாலை புத்தகத்தில் பார்த்தே உறுதிசெய்தேன்.

இந்த டார்ச்சுக்குள்ளும் தடைதான் எரிகிறது.
முடியைவிட மெலிந்த இழை,
வழிவிட மாட்டேன் என்கிறது;
நெருக்கத்தில் சூடேறி, சிவந்து, வெளுத்து
தர்ஷிணியின் கையெழுத்தை எனக்குக் காட்டுகிறது.
தடையே இல்லாத கம்பி
எதையும் காட்டாமல் போய்விடும்.

சரி, அறுந்த கம்பி?
இரண்டு முனைக்கும் நடுவில் ஓர் ஆள் நீளத்துக்குக் காற்று,
மழை, மூடுபனி.
அந்த இடைவெளியின் தடையை எழுதச் சொன்னால்
நானும் படுத்திருக்கும் எட்டைத்தான் போடுவேன்.
முடிவிலி.
அப்படியானால் மரம் விழுந்தால் மின்தடை என்பதில்
என்ன பிழை?

கெத்தைப் பள்ளத்தில் சக்கரங்கள் சுற்றிக்கொண்டிருக்கும்.
அங்கே எங்கோ ஒரு கம்பத்தில் வயர்மேன் பெள்ளிராஜ்,
தெரியாமல் எவரும் லைனைப் போட்டுவிடக் கூடாதென்று
கழற்றிய ஃபியூஸ் கட்டையைச் சட்டைப்பையில் வைத்து,
கம்பியை மண்ணோடு கட்டிவிட்டு,
இடுக்கியின் ரப்பர் பிடியில் மழையைத் துடைத்துக்கொண்டிருப்பார்.
மூன்று நாளாக அவர் வீட்டுச் சுற்றிலும்
ஒரு முனை திறந்தே கிடக்கிறது.

பாதிப் பூஜ்யத்தை நீட்டி
ஒன்றரை என்று மாற்றினேன், அசிங்கமாகத்தான் வந்தது.
அலகுக்கு அரை குறைத்தேன்.
ஓம் என்று எழுதியிருக்க வேண்டும், அதில் சலுகை கிடையாது.

இரண்டே முக்காலுக்கு
போட்டபடி மறந்துபோன குழல்விளக்கு
இருமி, இருமி, பிடித்துக்கொண்டது.
கண் கூசியது. டார்ச்சை அணைத்தேன்.
கட்டிய தாள்களை மறுபடி அவிழ்த்து
அந்த அரையையும் போட்டேன்.