பதினொரு தட்டல்

மேம்பாலம் வந்த பிறகு
மார்த்தாண்டத்தில் எனக்க கடைக்கு நண்பகல் கிடையாது.
காலை, டியூப்லைட், ராத்திரி.
அந்த டியூப்லைட்டுக்குக் கீழே
லேப்டாப்பைத் திறந்து வைத்தாள் ஷிஜிலா.
அண்டியாப்பீசில் கூலிக்கணக்கு எழுதுகிறவள்.
கேமராக் கண்ணில் பிளாஸ்திரி.

"நான் அடிக்கியதையெல்லாம்
சோஹாருல இருந்து திருப்பிச் சொல்லுதாரு.
தங்கச்சிக்கு ஒரு கடிதம். அனுப்பக்கூட இல்ல,
எழுதி அழிச்சாச்சு.
அதுல ரெண்டாவது வரிய
ராத்திரி போனுல அப்படியே கேக்குதாரு."

ஓடிக்கொண்டிருப்பவற்றின் பட்டியலில்
பிரிண்டர் உதவி என்று பெயர் வைத்துக்கொண்டு ஒன்று.
அவள் வீட்டில் பிரிண்டரே கிடையாது.
ஐந்து நிமிஷத்துக்கு ஒரு படம்,
ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு பதிவு.
ரப்பர் மரத்துக் கீறல்போலத்தான்,
மெல்லிசாக இருக்கும்,
விடியுமுன்னே சிரட்டை நிறைந்துவிடும்.

உள்ளே வந்த வழியைத் தேடினேன்.
கிராக் விண்டோஸ்.
அது ஓடவேண்டி
ஆன்டிவைரஸின் வாயைக் கட்டிப் போட்டிருக்கிறது.
தொட்டவரெல்லாம் அட்மின். பாஸ்வேர்டு இல்லை.
போன கிறிஸ்மஸ் லீவுக்கு வந்தவர்
பென்டிரைவைச் செருகியபோது
நீ யாரு என்று ஒரு வார்த்தை கேட்காமல்
பாய் விரித்திருக்கிறது.

டி டிரைவின் பெயரைப் பார்த்தேன்:
பெஸ்லின் சிஸ்டம்ஸ்.
எனக்க கடை.

முழுசும் துடைத்து லினக்ஸ் போட்டேன்.
ஏறும்வரை இரண்டுபேரும் பேசவில்லை.
"இதுல கேறாதா?" என்றாள்.
கேறாது என்று வாய்வரை வந்துவிட்டது.
"கேறும். ஆனா எதைப் போடணும்னாலும்
உங்க பாஸ்வேர்டக் கேக்கும்.
இதுக்குன்னு வேவு எழுதுதவன் குறைவு, அவ்வளவுதான்.
துட்டு குடுத்து வாங்கி ஒழுங்காப் பூட்டியிருந்தா
விண்டோசே போதும்."
பூட்டாதது யார் என்று
அந்த வாக்கியத்தில் நான் வைக்கவில்லை.

பாஸ்வேர்டுக்குக் கட்டம் வந்து நின்றது.
திரும்பி மேம்பாலத்துத் தூணைப் பார்த்தேன்.
உபவாசக் கூட்டத்துப் போஸ்டர், பாதி கிழிந்தது.
களியக்காவிளை பஸ் ஒன்று
ஹாரனை விட்டுக் கையெடுக்காமல் போயிற்று.
அதற்குள்ளேயும் கேட்டது:
பதினொரு தட்டல்.
கடைசி இரண்டும் ஒரே எழுத்து.
எண்ணக்கூடாது என்றுதான் திரும்பியிருந்தேன்.

"வீட்டுக்குப் போயி ஒருக்கா மாத்திப் போடுங்க" என்றேன்.

ஏன் என்று கேட்கவில்லை.
பைக்குள்ளிருந்து பழைய ரசீதை எடுத்து
மேசையில் நிமிர்த்தி வைத்தாள்.
மூன்று வருஷம் முந்தையது, இருநூற்றைம்பது ரூபாய்,
'எல்லாம் போட்டுக் கொடுத்தது',
கீழே எனக்க கையெழுத்து.

புதுசுக்குக் காசு வாங்கவில்லை.
அதற்கு அவள் நன்றியும் சொல்லவில்லை.
லேப்டாப்பை மூடும்போது பார்த்தேன்,
பிளாஸ்திரியின் ஓரம் லேசாக எழும்பியிருந்தது.
கட்டைவிரலால்
அழுத்தி ஒட்டிக்கொண்டு போனாள்.