மிச்சம்

பதினொரு நாளாய் நாங்கள் கதைக்கவில்லை.
சோற்றைப் போட்டு மூடி வைப்பேன், சாப்பிடுவார்.
கோப்பையைக் கழுவிக் கவிழ்ப்பார்.
அந்தக் கழுவலிலும் ஒரு சத்தம் இருந்தது.

தாண்டவன்வெளிக் கோயிலில்
அவர் தங்கச்சி மகளுக்குக் கலியாணம். போகாமல் முடியாது.
பெரியகல்லாற்றில் பஸ் ஏறி
முன்சீட்டில் அவர், மூன்று சீட் தள்ளி நான்.
ரிக்கட் மட்டும் வழமைபோல இரண்டாக எடுத்தார்.

சாரித் தலைப்பை இழுத்து இழுத்துக்
கழுத்தை மூடியபடி வந்தேன்.
கொடி பாங்கில்.
தாலி மஞ்சள் நூலில்.
அதிலிருக்கும் புறா
பொன்னின் பாரம் இல்லாமல் நேரே நிற்கத் தெரியாமல்
தோள்பக்கமாய்ச் சரிந்துகொண்டே வந்தது.

ஐந்து பொம்பிளைகள் கையெழுத்து வைத்த குழுக்கடன்.
அதை அடைக்க இன்னொன்று.
அதை அடைக்கக் கொடி.
ஒரு திங்கட்கிழமை, அவர் வீட்டில் நின்ற நேரம்,
மோட்டார்சைக்கிளை நிறுத்தாமலே
பொடியன் சொல்லிவிட்டுப் போனான்:
"அன்ரி, மூணு தவணை நிக்குது."
அவருக்குத் தெரிந்தது அந்த ஒரு வரிதான்.

கோயிலுக்குள் வெக்கை. மல்லிகைப்பூ வாடுகிற மணம்.
டிலோஜினிக்குக் கை நடுங்கியது.
சுவாமி மைக்கைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார்:
"இந்த அருளடையாளத்தைத் தாறது நானில்லை.
நீங்கள் ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் தாறீங்கள்.
நான் சும்மா சாட்சிக்கு நிக்கிறவன்."

எங்களுடைய நாளிலும் யாரோ இதைச் சொல்லியிருக்க வேண்டும்.
கொண்டையில் குத்திக்கொண்டிருந்த ஊசி ஒன்றுதான்
எனக்கு ஞாபகம்.

இன்பத்திலும் துன்பத்திலும் என்றாள் பிள்ளை.
நோயிலும் என்றாள்.
பிரமாணிக்கம் என்ற இடத்தில் நாக்குத் தடக்கி
மறுபடி தொடங்கினாள்.
எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.
இன்னொரு ஆம்பிளையை ஏறிட்டுப் பாராதது
என்றுதான் இருபத்திமூன்று வருஷமாய்
அந்தச் சொல்லுக்கு அர்த்தம் வைத்திருந்தேன்.
அரிசி வாளிக்குள் ஒளித்த கடன் புத்தகமும்
அதற்குள் அடங்குமா?

கையெழுத்து எத்தனையோ வைத்தாயிற்று.
கடன் புத்தகத்தில் கட்டங்கள் உண்டு,
கடைசிக் கட்டம் என்று ஒன்றும் உண்டு.
கோயில் பதிவேட்டில் நான் வைத்த கையெழுத்துக்குக்
கட்டமே கிடையாது.
கட்டி முடித்துவிட்டோம் என்று
யாரும் எழும்பிப் போக முடியாத வாக்கு அது.

ஆண்டவருக்குத் தொகை தெரியும்.
எனக்குத் தெரியும்.
மூன்று பேர் நிற்கிற வாக்கில்
ஒருவரை மட்டும் இருட்டில் நிறுத்தியது நான்.

கிறுகிப் பார்த்தேன்.
ஆம்பிளைகள் பக்கம், தூணோடு, கஸ்பார்.
மாப்பிள்ளை சொல்லச் சொல்ல
ஒரு சொல் பிந்தி அவருடைய உதடும் அசைந்தது.
பழைய செபம் யாரும் தொடங்கினால்
வாய் தானாக ஓடுமே, அப்படித்தான் என்று நினைத்தேன்.
"டிலோஜினி ஆகிய உன்னை" என்றான் அவன்.
டி என்று சொல்ல உதடு ஒட்டத் தேவையில்லை.
பிலோமினா என்று சொல்ல ஒட்டவேணும்.

ஒட்டியது.

திரும்பி வரும்போது இருட்டிவிட்டது.
கல்முனை பஸ்ஸில் சனம்.
பக்கத்தில் வந்து இருந்தார்; வேறு இடம் இல்லாததாலும் இருக்கலாம்.
கல்லடிப் பாலத்தில் காற்று அடித்துத்
தலைப்பு விலகிற்று. நூலைப் பார்த்தார்.
நான் மூடவில்லை.

"எவ்வளவு மிச்சம்?"

என்னிடம் இரண்டு கணக்கு இருந்தது.
ஒன்று, அவருக்கென்று
பதினொரு நாளாய்க் குறைத்துக் குறைத்து வைத்தது.

மற்றதைச் சொன்னேன்.

கண்ணை மூடினார். காத்தான்குடிச் சந்திவரை திறக்கவில்லை.
பிறகு,
"மறுகா?" என்றார்.

மறுகாவும் இருந்தது.
சொன்னேன்.